நாற்பது நிமிடத் தாமதம்

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாளிலிருந்து ரயில் நிலைய அறிவிப்பாளரின் பேச்சு நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. வாய் அப்போதே அசையும். சத்தம் மட்டும், அவர் எங்கே உட்கார்ந்து பேசினாரோ அங்கே, பெரும்பாலும் ஆள் எழுந்துபோன பிறகு கேட்கும். முப்பத்தோரு வருஷம் ரயில்களின் தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்த மனுஷனுக்கு இது வேண்டும்தான் என்று மச்சினர் சிரித்தார். மூளையில் இரண்டு கம்பியும் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு பேட்டரியும் வைத்ததில் கை நடுக்கம் அடியோடு நின்றிருந்தது. யோசனையும் பேச்சும் கொஞ்சம் மந்தமாகலாம் என்று சொல்லித்தான் டாக்டர் கையெழுத்து வாங்கியிருந்தார். மந்தம் இந்த அழகில் வரும் என்று யார் கண்டது.

மனைவி பழகிக்கொண்டாள். டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் துணி துவைக்கப் போவாள். திரும்பி வந்தால் காலி நாற்காலி "அரை கப் போதும்" என்று சொல்லும். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. சண்டை போடத்தான் வழியில்லை. கோபம் ஆறிய பிறகு வருகிற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளுக்கு அலுத்துவிட்டது. நடுங்கினாலும் பரவாயில்லை, சொல்லுக்குச் சொல் பேசுகிற பழைய ஆள் வேண்டும் போலிருந்தது.

அதைத்தான் டாக்டரிடம் சொன்னாள். பேட்டரியின் கரண்டைக் குறைத்தால் பேச்சு சரியாகலாம், ஆனால் நடுக்கம் திரும்பிவிடும் என்றார் அவர். "நீங்க சொல்லுங்க சார், குறைக்கட்டுமா?"

அறிவிப்பாளரின் வாய் அசைந்தது. அவசரத்தில் டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். மனைவி வெளி பெஞ்சில் உட்கார்ந்து, முப்பத்தொன்பதாம் நிமிடம் யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு குண்டு மனிதர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழிருந்து, நடைமேடையில் கேட்கிற அதே கணீர்க் குரல் வந்தது. "வேணாம் டாக்டர், இப்படியே இருக்கட்டும். ஆறு வருஷம் எனக்கு ஊட்டிவிட்டு, பட்டன் போட்டுவிட்டு அவ கை ஓஞ்சு போச்சு. பேச்சுக்கு என்ன, மெதுவா வரட்டும்."

அவளுக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே பிடித்துக்கொண்டாள்.

"என் கை ஓஞ்சு போச்சுன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

அவர் வாய் அசைந்தது, வெகுநேரம். வீடு பதினைந்து நிமிடத் தூரம்தான். கண்டக்டர் வந்ததும் அவள் கடைசி நிறுத்தத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள்.