கண்ணீர் அஞ்சலிப் பேனரில் இருந்த எண்கள்

1
இந்தக் கதை ஒரு கண்ணீர் அஞ்சலிப் பேனரில் தொடங்கியது. தாராவியில் எங்கள் சந்து முனையில் கட்டியிருந்தார்கள். இறந்தவரின் படம் உள்ளங்கை அளவு. துயரத்தில் வாடுவோரின் படங்கள் மீதி இடம் முழுக்க. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் மொபைல் எண். எங்கள் ஆட்களுக்கு அழும்போதும் நம்பர் தெரிய வேண்டும்.

கதாநாயகி அகிலாண்டம். அது என் பெயரல்ல. உண்மைப் பெயரைப் போட்டால் கடன் வசூல்காரர் இந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்வார்.

2
முதல் தொடக்கம்: 'பிரம்மநாயகம் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம். வெளியே மழை...' வேண்டாம். மும்பைக் கதையில் யார் செத்தாலும் மழை பெய்துவிடுகிறது.

இரண்டாவது: கதவு தட்டப்பட்டது.

"பிரம்மநாயகம் சார் இருக்காரா?"

"இல்ல."

"எப்ப வருவாரு?"

தன் கணவரைப் பற்றி யாரும் இத்தனை நம்பிக்கையோடு கேட்டதில்லை என்று அகிலாண்டத்துக்குத் தோன்றியது. இதுவே இருக்கட்டும்.

3
வந்தவன் சுரேந்திரன். பக்கத்து ஆண்டாப் ஹில் பையன், பிரம்மநாயகம் கடன் வாங்கிய கம்பெனியின் வசூல் ஏஜென்ட். (முதல் பிரதியில் இவனுக்கு முறுக்கு மீசை வைத்து ரவுடியாக்கியிருந்தேன். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தான். செருப்பைக் கழற்றுகிற ரவுடியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?)

ஆள் இறந்தது தெரிந்தேதான் கேட்டான்; பேனரைப் போட்டோ எடுத்து அதிலிருந்த எல்லோரையும் ஏற்கெனவே கூப்பிட்டிருந்தான். 'எங்கள் தெய்வமே' என்று அச்சடித்தவர்கள், "கோன் பிரம்மநாயகம்?" என்று, யாரென்றே தெரியாததுபோல் இந்தியில் கேட்டுப் போனை வைத்துவிட்டார்கள்.

பேனரில் பெரிய படம் சுடலைக்கண்ணனுடையது. இறந்தவருக்குத் தம்பி முறை.

"மைனி, என் நம்பரு மேல ஸ்டிக்கர் ஒட்டிரட்டா?"

"அப்படியே போட்டோ மேலயும் ஒட்டிரும்."

"அது இருக்கட்டும் மைனி. எலெக்ஷன் வருதுல்லா."

4
சுரேந்திரன் ஒரு தாளை நீட்டினான்.

"சைன் போடுங்கக்கா. இனிமே கடன நீங்க கட்டுறதா எழுதிருக்கு. போட்டா யாருக்கும் போன் போவாது. இல்லன்னா நாளைக்கு பதினாறாம் நாள் விசேஷத்துல, பந்தி நடக்கும்போது வந்து கேப்பேன்."

[இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு சிறு கட்டுரை. காலை எட்டுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் கேட்கலாம். மனைவி கையெழுத்துப் போடாத கடனுக்கு மனைவியின் சம்பளத்தில் கைவைக்க முடியாது. இந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் அந்தக் கவசம் போய்விடும்.]

பிரம்மநாயகம் விட்டுப்போனது நாலு சட்டை, ஒரு போன்.

5
முடிவு அ: அவள் கையெழுத்துப் போடு... எழுத மாட்டேன்.

முடிவு ஆ: அவள் சட்டம் பேசுகிறாள். சுரேந்திரன் நடுங்கி ஓடுகிறான். இப்படிப்பட்ட வசூல்காரர் கதையில்தான் கிடைப்பார்.

முடிவு இ, இது நடந்தது:

"ஐடி கார்டு காட்டு தம்பி."

காட்டினான்.

"கம்பெனி லெட்டரு?"

"அது ஆபீஸ்ல இருக்குக்கா."

"அப்ப இந்தத் தாளும் அங்கயே போயி இருக்கட்டும். நாளைக்கு பந்திக்கு வா, சாப்பிடு. வாயத் தொறந்தா சோறு மட்டுந்தான் உள்ள போவணும்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். "லெட்டரோட வாரேன்க்கா."

அன்றே அகிலாண்டம் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். 'பேனரில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டார்கள்' என்ற வரிக்கு ஒரு சாட்சி இருந்தால் பலம். ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டாள். 'எனக்குப் போன் வந்தது' என்று அவர்கள் சொல்ல, முதலில் 'பிரம்மநாயகத்தைத் தெரியும்' என்று சொல்ல வேண்டுமே. ஒருவரும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரை... திருத்தம், அவள் வீட்டுக்காரரை, பெயர் சொல்லி விசாரிக்க சுரேந்திரன் ஒருவன்தான் மிச்சம்.

6
பேனரில் கடைசி வரிசையில் ஓர் எண் மழையில் பாதி அழிந்திருந்தது. அது யாருடையது என்று தெரியவில்லை. உங்களுடையதாகவும் இருக்கலாம். மீதி இலக்கங்களை ஊகித்துப் போட்டுப் பார்க்கப்போகிறாள்.

உங்கள் போன் அடிக்கிறது. புது நம்பர். எடுக்கிறீர்கள்.

"பிரம்மநாயகத்தத் தெரியுமா?"

அடுத்த வரி உங்களுடையது.