எட்டுத் துண்டுச் சொல்

மாமல்லபுரத்தில் கைடாக இருக்கும் தீனதயாளனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. செல்போனைப் பார்த்து ஒரே ஒரு நீளமான சொல்லை மட்டும் உருப்போட்டிருந்தான்: எக்ஸ்-த்ரா-ஓர்-தி-நா-ரியா-மென்-தே. 'அபாரமாக' என்று பொருள். துண்டு துண்டாகப் பிரித்து, 'நா'விலும் 'மென்'னிலும் அழுத்தி, தொடையில் தாளம் போட்டுப் பழகியிருந்தான்.

கடற்கரைக் கோயிலைக் காட்டி அதைச் சொன்னதும், தனியாக வந்திருந்த ஸ்பெயின்காரப் பெண்மணி அசந்துபோனாள். தன் பாஷை தெரிந்தவன் என்றே நம்பிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் ஓர் ஆணின் படத்தைக் காட்டி, அழுதுகொண்டே மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். தெரியாது என்று சொல்ல விட்டதா அவனுடைய பாழாய்ப்போன வீம்பு? அவள் குரல் அழுந்துகிற இடமாகப் பார்த்துத் தலையாட்டினான்.

கடைசியில் அவள் ஏதோ கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவனிடம் வேறு சொல் இல்லை. அதையே சொன்னான், அழுத்தம் பிசகாமல்.

அவள் வெடுக்கென்று எழுந்து போய்விட்டாள்.

"இன்னாமா பேசற அண்ணாத்த!" என்றாள் இளநீர் விற்கும் கன்னியம்மா. "அந்தம்மா இன்னா கேட்டுச்சு?"

அவன் 'எனக்குத் தெரியாது' என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்று செல்போனில் தேடினான்.

நோ ஸே. இரண்டே துண்டு.