திரிலோகன் இல்லாத வீடு

கஸ்தூரிரங்கன் போனில் தலைப்பைச் சொன்னபோது சியாமளாவுக்குச் சிரிப்புதான் வந்தது. "திரிலோகன் மகா வில்லனா, வெறும் பில்டப்பா?"

டெல்லி ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாப் பட்டிமன்றம் என்றால் கணவனையும் மனைவியையும் எதிரெதிர் அணியில் நிறுத்திவிடுவார்கள். தலைப்பு எதுவானால் என்ன, கொஞ்ச நேரத்தில் பேச்சு வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடும், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நடுவர் நாற்காலி எப்போதும் கஸ்தூரிரங்கனுக்குத்தான்.

"ராமசுப்புவை எப்படியாவது வெளியில இழுத்துண்டு வரணும் மாமி. அவனுக்குத் திரிலோகன்னா உசிரு. இதுக்கு வருவான் பாருங்கோ" என்றார்.

திரிலோகனைத் தெரியாதவர்கள் இப்போது நிறையப் பேர் இருப்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் துப்பறியும் குணசீலன் கதை தொடராக வந்தது. கொலையோ கொள்ளையோ, எதைத் துலக்கினாலும் குணசீலன் கடைசியில் நெற்றியைத் தடவிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "இதற்குப் பின்னால் திரிலோகன் இருக்கிறான்." ஆள் கண்ணில் படுவது அபூர்வம். ஒரு நிழல், ஒரு சுருட்டு நெடி, அவ்வளவுதான். அதற்கே குழந்தைகள் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். டெல்லியில் தமிழ் வீடு என்று இருந்தால் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணின ஒரு தடிப் புத்தகம் இருக்கும். சியாமளாவின் கணவர் ராமசுப்ரமணியனிடம் அது இன்னும் இருந்தது.

அவர் வரச் சம்மதித்தார். அதுவே பெரிய விஷயம். பிள்ளை அனிருத் போன பிறகு அவர் வீட்டை விட்டுப் போகிற இடம் கோர்ட்டு ஒன்றுதான்.

ஒரே பிள்ளை. குர்கானில் வேலை. மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மெட்ரோவை விட்டு இறங்கி நடந்து வந்தான். எது ரோடு, எது நடைபாதை என்று தெரியாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சாக்கடையைச் சுத்தம் பண்ணத் தூக்கின சிமென்ட் மூடியை யாரும் திரும்பப் போடவில்லை. ஒரு சிவப்புத் துணியாவது, ஒரு மரக்கிளையாவது நட்டு வைத்தார்களா, அதுவும் இல்லை. குழந்தை நேரே அதற்குள் காலை வைத்துவிட்டது. முப்பது வயசானால் என்ன, பெற்றவளுக்குக் குழந்தைதானே.

மழை வலுத்ததும் வேலையாட்கள் ஃப்ளைஓவருக்கு அடியில் ஒதுங்கினார்கள். ஒதுங்கின இடத்துக்கே லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார் என்று மேஸ்திரி நினைத்தான். மேஸ்திரி மூடியிருப்பான் என்று சூப்பர்வைசர் நினைத்தார். விசாரணையில் வந்தது இவ்வளவுதான். சியாமளா அதைக் கேட்ட அன்றைக்கே நம்பிவிட்டாள். நம்பினதும் உடம்பெல்லாம் விட்டுப்போன மாதிரி இருந்தது.

ராமசுப்ரமணியன் நம்பவில்லை. "சும்மா மறந்துடுவாளாடி? மூடியைப் பேர்த்து வித்துத் திங்கற கூட்டம் இது. மேல ஒருத்தன் இருக்கான். அவன் சொல்லாம இங்க ஒரு கல்லு நகராது."

'அவன்' என்றுதான் சொல்வார். சவரம் பண்ணும்போது அவன், சாப்பிடும்போது அவன், விளக்கணைத்த பிறகும் அவன். டெல்லியில் வாய்தாவைத் தாரீக் என்பார்கள். ஒவ்வொரு தாரீக்குக்கும் இஸ்திரி போட்ட சட்டையில் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரிக் கிளம்புவார். "இன்னிக்கு அவன் பேர் வெளியில வந்துடும் பாரு." ஒன்றும் வராது. திரும்பி வந்து அடுத்த தாரீக்கைச் சொல்வார்.

சியாமளாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த அவனை விட்டுவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிள்ளையை நினைத்து ஒரு தரம் அவர் அழ வேண்டும். இத்தனை நாளில் அவர் அழவே இல்லை. அனிருத் என்ற பேரைக்கூட வக்கீலிடம்தான் சொன்னார். துக்கத்தை ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து அவளுக்குத் தோள் இற்றுப்போயிருந்தது.

பேச்சுக்காகப் புத்தகத்தைப் புரட்டினபோதுதான் அந்த யோசனை வந்தது. அவன் என்று ஒருத்தன் இல்லை என்பதை மேடையில் வைத்துச் சொல்லிவிடலாமே. திரிலோகனைச் சொல்கிற மாதிரிச் சொன்னால் கேட்டுக்கொள்வார். நேரில் சொன்னால் எழுந்து போய்விடுகிறாரே.

அந்தப் புத்தகத்தில் நடுவே ஓர் ஓட்டை உண்டு. ஒரு தை மாசப் பனியில் மதராஸ் ரயில்கள் கண்டபடி தாமதமாகி, இரண்டு வாரப் பத்திரிகை டெல்லிக்கு வரவே இல்லை. அதற்கு முந்தின பக்கத்தில் குணசீலன் கிணற்றுக்குள் கிடக்கிறார். அடுத்த பக்கத்தில் கரையேறி நிற்கிறார், துறைமுகக் கிடங்கு எரிந்து சாம்பலாகிக் கிடக்கிறது. நடுவில் என்ன ஆயிற்று? டெல்லிப் பிள்ளைகள் தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள்: திரிலோகன் தன் மகா லீலையை அந்த இரண்டு வாரத்தில்தான் காட்டியிருக்கிறான். ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அதை நம்பியே கிழவர்களும் ஆனார்கள்.

சியாமளா சென்னையில் சித்தி பெண்ணைக் கேட்டாள். அவர்கள் வீட்டுப் பைண்டில் அந்த வாரங்கள் இருந்தன. வாட்ஸப்பில் படமாக வந்தன.

விழாவில் முதலில் ராமசுப்ரமணியன் பேசினார். மனுஷர் நன்றாகத்தான் பேசினார். குரல் கணீரென்று இருந்தது.

"கண்ணுக்குத் தெரியறவன் ரௌடி. தெரியாம இருக்கறவன்தான் வில்லன். கதையில ஆளே வரலைங்கறா. வர வேண்டாமே! அவன் இருக்கான், அது போதும். அவன் ஒருத்தன் இல்லேன்னா, சொல்லுங்கோ, இத்தனை கொடுமைக்கும் என்னய்யா அர்த்தம்?"

கூட்டம் கைதட்டியது. யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று சியாமளாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"எங்காத்துக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தலையில ஏத்தி வெச்சுண்டே, எவனோ எடுத்துண்டு போயிட்டான்னு தேடுவார்."

சபை கலகலத்தது. "நம்மாத்துலயும் அதே கேஸ்தான்!" என்று பின்வரிசையில் ஒரு மாமி கத்தினாள்.

"அந்தக் காணாமப் போன ரெண்டு வாரம் திரிலோகன் என்ன பண்ணினான் தெரியுமா? எங்கிட்ட இருக்கு, சொல்றேன். ஜலதோஷம்! கம்பளியைப் போத்திண்டு படுத்துண்டிருந்தான். கிடங்கு ஏன் எரிஞ்சது? காவல்காரன் குளிருக்கு மூட்டின நெருப்பை அணைக்காம தூங்கிப்போயிட்டான். நம்ம டெல்லிக்கு ரயில் வரலை. அதனால ஜலதோஷக்காரனை நாம மகா வில்லனாக்கிட்டோம்!"

சிரிப்பு அடங்கவே இல்லை. கஸ்தூரிரங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ராமசுப்பு, இன்னிக்கு ராத்திரி ஆத்துல சாப்பாடு சந்தேகம்தான்டா!"

சியாமளா நடுவர் பக்கம் திரும்பவில்லை. கணவரையே பார்த்துச் சொன்னாள்.

"கதையில ரயில் ஏன் கவிழ்ந்தது? ஒருத்தன் கொடி காட்ட மறந்தான். ஜமீன்தார் ஏன் செத்தார்? கம்பவுண்டர் சீசாவை மாத்தி வெச்சான். எல்லாம் மறதி, சோம்பல், மத்தவன் பார்த்துப்பான்னு விட்டது. குணசீலனுக்கு அதைத் தாங்க முடியலை. இவ்வளவு பெரிய துக்கம் இத்தனூண்டு மறதியாலயான்னு தாங்க முடியலை. அதனால ஒரு திரிலோகனைப் பண்ணி வெச்சுண்டார். போதும், விட்டுடுங்கோ. பின்னாடி யாரும் இல்லை."

விசில் பறந்தது. தீர்ப்பு அவள் பக்கம். சால்வை போட்டார்கள். ராமசுப்ரமணியனும் கைதட்டினார். எல்லாரும் நிறுத்தின பிறகு, மெதுவாக, இரண்டு தட்டு.

ஆட்டோவில் வரும்போது இப்போது அழுவார் என்று பார்த்தாள். இல்லை. வீட்டுக்குப் போய் அழுவார் என்று நினைத்தாள். பாலைச் சுட வைத்துக் கொடுத்தாள், குடித்தார். மறுநாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். அனிருத்தின் பழைய போட்டோக்களை எடுத்துக் காட்டினாள். "அச்சா" என்றார். எதிர்வீட்டுக் குழந்தையின் படத்தைப் பார்த்தவர் மாதிரி. சவரம் பண்ணிக்கொள்வதை நிறுத்திவிட்டார். அவன் என்ற சொல்லே அந்த வீட்டில் காதில் விழவில்லை. அதைத்தானே கேட்டாள் அவள்?

தாரீக் வந்தது. சட்டையை அவளே இஸ்திரி போட்டு வைத்தாள்.

"ஏன்னா, நாழியாச்சு. கிளம்பலையா?"

"யாரைப் பார்க்க?"

"என்ன இப்படிக் கேக்கறேள்?"

"மழை பெஞ்சது. அந்த ஆள் ஒதுங்கினான். நானா இருந்தாலும் ஒதுங்கியிருப்பேன்." கோபமே இல்லை குரலில். "நீ சொன்னது சரிதான் சியாமு. அன்னிக்கே ஒத்துண்டேனே, கைகூடத் தட்டினேனே."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார், பஸ்ஸில் யாரோ அழுதால் தட்டிக்கொடுப்பதுபோல. கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

அவள் தனியாகப் போனாள். கோர்ட்டு வராந்தாவில் நின்றாள். பியூன் பிள்ளை பேரைக் கூவினான். உள்ளே போனதும், "அடுத்த தாரீக்" என்றார்கள். உள்ளே நின்ற நேரத்தைவிட வராந்தாவிலிருந்து நடந்த நேரம்தான் அதிகம். திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு: வெறியோ பைத்தியமோ, அந்த மனுஷரை நிமிர்த்தி உட்கார வைத்திருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டோம். பிடுங்கின கையால் திருப்பி நட முடியாதா?

வீட்டில் அவர் அதே நாற்காலியில் இருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கேட்டேளா? இன்னிக்கு வக்கீல் ஒண்ணு சொன்னார். நீங்க சொன்னதுதான் நிஜமாம். மேல ஒரு பெரிய ஆள் இருக்கானாம். அவன் சொல்லித்தான் எல்லாமே நடந்திருக்காம்."

அவர் தலையைத் தூக்கினார். எத்தனை நாள் கழித்து அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம்! இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

"பேர் என்ன?"

மேடையில் அவ்வளவு பேசினவளுக்கு ஒரு பேர் வரவில்லை. கோர்ட்டு வராந்தாவில் பார்த்த பேர்ப்பலகைகளை நினைத்துப் பார்த்தாள், மளிகைக்கடைக்காரன் பேரை நினைத்தாள். எந்தப் பேரும் அதற்குப் போதவில்லை.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊன்றின கையைத் தளர்த்தி மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"சரி, விடு" என்றார். "வெயில்ல போயிட்டு வந்திருக்கே. ஏதாவது சாப்பிட்டியோ?"