இருபத்தாறு வளைவு

“என்னா மாமா, இவ்ளோ பேப்பர் மிச்சம் நிக்குது?”

பொன்னி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். புருஷனின் பட்டறையில், தகட்டை வெட்டுவதற்கு முன் அதன் அளவுக்குத் தாளில் அச்சு வெட்டிக்கொடுப்பது அவள் வேலை. கெட்டித்தாள் தீர்ந்துபோய், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரையே கழற்றிக் குழாய் வளைவுக்கு வெட்டியிருந்தாள்.

“வளைவுன்னா ஓரமெல்லாம் கழிவு போவத்தான் செய்யும்” என்றான் அந்தோணிசாமி.

“போவட்டும். அத வெலையில சேத்தியா?”

அவன் சேர்க்கவில்லை. சிதம்பரத்தில் பதினோரு வருஷமாக இரும்புக் கதவும் ஜன்னல் கிரில்லும் அடிக்கிறவன். செய்ததை எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்றே பழக்கம். செம்மங்குப்பத்துக் கம்பெனி ஒன்றில் தூசி உறிஞ்சும் தகட்டுக் குழாய்க்கும் அப்படியே விலை எழுதி, நேற்றுத்தான் கவரை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தான். செய்து முடித்த வளைவு எட்டுக் கிலோ. அதற்கு வெட்டும் தகடோ பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் கூலி வேறு. அப்படி இருபத்தாறு வளைவு.

“ஆர்டர் கெடைச்சா மெஷின வித்துத்தான் வேலைய முடிக்கணும், பொன்னி.”

“அவனவன் ஆர்டர் கெடைக்கணும்னு வேண்டிக்கறான். நீ கெடைக்கக் கூடாதுன்னு வேண்டிக்க. எழுந்து போ மாமா! இங்க ஒக்காந்திருந்தா கவரு தானாத் திரும்பி வருமா?”

கடலூர் பஸ்ஸில் வழியெல்லாம் புதுக் கணக்குப் போட்டான். நேர்க்குழாய்க்குக் கிலோ விலை. வளைவுக்கு மட்டும் ஒன்றுக்கு இவ்வளவு.

கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் ராமாமிர்தம் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

“சார், நேத்து குடுத்த கவர்ல வெலை தப்பாப் போச்சு. பிரிச்சிட்டீங்களா?”

“நாலு மணிக்குத்தான் பிரிப்போம். தப்புன்னா, ஜாஸ்தியா கொறைச்சலா?”

“கொறைச்சல் சார்.”

அவர் சிரித்துவிட்டார். “அதுக்கு ஓடியாந்த ஆள இப்பத்தான்யா பாக்கறேன். வளைவையும் கிலோவுல போட்டியா?”

“ஆமா சார்.”

“போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் போட்டு, பாதிக் குழாய அந்தரத்துல வுட்டுட்டுப் போயிட்டாரு. மணி மூணுதான ஆவுது? இந்தா, ஒன் பழைய கவர எடுத்துக்க. புதுசு எழுதிக் குடுத்துட்டுப் போ.”

கொடுத்துவிட்டு வெளியே வந்தான். பழைய கவரைச் சட்டைப்பையில் வைத்து இரண்டு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டான். டீக்கடை வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது.

“கவரு கைக்கு வந்துட்டுது, பொன்னி.”

“அப்பாடா! ஆர்டரு?”

“தெரியல. வந்தாலும் இனிமே பயமில்ல.”

“சரி, வரும்போது ஒரு காலண்டர் வாங்கியா. டிசம்பர் வரைக்கும் வெட்டிப்புட்டேன். இந்த வருஷம் நமக்குக் கிறிஸ்மஸே கெடையாது.”