ஒன்றேமுக்கால் மணி நேரத் தூரம்

1

ஒன்றேமுக்கால் மணி நேரமாம். அதுக்குள்ள இவுகளுக்கு அருவிக்கரையில செருப்பு விட இடம் கெடைக்காதே.

இது உமா மகேஸ்வரி தன் கணவனைப் பற்றி மனசுக்குள் நினைத்தது. கதையும் இங்கே பிறந்தது என்றால் அழகாக இருக்கும். உண்மை வேறு. தென்காசியில் பேருந்துக்கு நின்றபோது, சும்மா, கைபேசியில் திருவனந்தபுரத்துக்கும் ஹைதராபாத்துக்கும் விமானத் தொலைவு தேடினேன். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவுதானா என்று சந்தோஷம் வந்தது. அந்த விமானத்தில் ஏற்ற எனக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள்.

2

முதல் தொடக்கம்: 'சாரல் விழுந்த அந்தக் காலையில், கணவனைப் பிரிந்து வாடிய அவள்...'

(வேண்டாம். அவள் வாடவில்லை. சிப்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறாள்.)

ஐந்தருவிக்குப் போகும் வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. இந்த சீசனுக்குத்தான் முதல்முறையாகத் தன் பெயரில் ஏலம் எடுத்திருக்கிறாள். கணவன் குற்றாலீஸ்வரனுக்கு ஹைதராபாத்தில் மருந்துக் கம்பெனி வேலை. லீவில் வந்தவன், ஊர் வழக்கப்படி வீட்டுக்குப் போகுமுன் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரத் துண்டோடு கடைமுன் நிற்கிறான்.

"ஏட்டி, பிளேன்ல ஒன்றேமுக்கா மணி நேரந்தான். கடையை யார்ட்டயாவது விட்டுட்டு என்கூட வந்துரு. டிக்கெட் போட்டுட்டேன்."

"நீங்க எப்பக் கெளம்புனிய?"

"விடியக்காலம்."

"இப்ப வெளக்கு வைக்கிற நேரம்."

"பிளேன் எறங்கி வாரப்ப ஆரியங்காவு மலைப்பாதையில லாரி நின்னுட்டு. பொறவு இங்கன வரிசை. குளிக்காம வர முடியுமா?"

பக்கத்துக் கடை முத்துச்செல்வி விடவில்லை. "அடுத்த தடவை பிளேனை அருவிக்கரையிலயே எறக்கச் சொல்லுங்க அண்ணாச்சி!"

அவனும் சிரித்துவிட்டான்.*

* விமானக் கணக்கில் அருவி வரிசை சேராது. மனசும் சேராது.

3

'அவளுக்குப் புது ஊர் என்றால் பயம்' என்று எழுதி, அடித்துவிட்டேன். பயமில்லை. அன்பும் குறையவில்லை, ஓரம் சிவந்த சிப்ஸை அவனுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

அங்கே போனால், அவன் வேலைக்குக் கிளம்பியபின் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இங்கே, நனைந்து நடுங்கி வருகிற ஆட்கள் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள், "சூடா இருக்காக்கா?" இருக்கு என்று சொல்லும்போது அவளுக்குள் ஒன்று நிமிர்கிறது. பாதியில் போனால் கடை அடுத்தவர் கைக்குப் போய்விடும். அது திரும்ப வராது.

4

முடிவு அ: அவள் ஏறுகிறாள். மேகத்தை மேலிருந்து பார்க்கிறாள். (இந்த வர்ணனையை முன்பே எழுதி வைத்துவிட்டேன். அதுதான் என் கஷ்டம்.)

முடிவு ஆ: அவன் வேலையை விட்டுவிட்டு வாழைக்காய் சீவுகிறான். (நீங்கள் நம்புவீர்களா? நானே...)

அவன் டிக்கெட்டைக் காட்டினான். நானும் ஆசையோடு பார்த்தேன். அவள் சிவந்த சிப்ஸைப் பொட்டலம் கட்டி அவன் கையில் வைத்தாள்.

"நான் வரல அத்தான்."

அவன் பொட்டலத்தைப் பிரித்தான்.

சீசன் முடிந்ததும் வருவாள் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டுமா, வாசகர்களுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று அவளிடம் கேட்டேன்.

உமா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.