மூன்று முறை கூப்பிட்ட பெயர்

நீதிமன்றத்தின் வராந்தாவில் ஒரு தையல்காரரின் பெயர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டவர் அங்கே வேலை பார்த்த டவாலி. நீதிபதி ஒரு வழக்கை எடுத்ததும் கதவருகே நின்று சம்பந்தப்பட்டவரின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது அவர் வேலை. ஊரார் அவருக்கு வைத்த பெயர் வெண்கலம். அவர் தொண்டையைத் திறந்தால் தெருக்கோடியில் டீ குடிப்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான் என்பார்கள். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

தையல்காரர் பிறவியிலேயே காது கேளாதவர். மனைவி இறந்தபின் நாலு வயது மகளோடு இருந்தார். மகளுக்கும் காது கேட்காது. அது ஒரு குறை என்று அவர்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை. தையல் மெஷினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து நாள் முழுக்கக் கைகளாலேயே ஊர்வம்பு பேசித் தீர்த்தார்கள். குழந்தையின் தாய்மாமனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. இந்த அப்பனிடம் வளர்ந்தால் பிள்ளைக்குப் பேச்சே வராது, என்னிடம் ஒப்படையுங்கள் என்று வழக்குப் போட்டார். அவர் கெட்டவர் இல்லை. தங்கை பெற்ற பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தார், வினையே அதுதான். தையல்காரர் வக்கீல் தேடி அலைந்தார். ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "செவிடன் காதுல சங்கு ஊத எனக்கு நேரமில்லப்பா" என்று முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தார். ஏதோ நல்ல வார்த்தை என்று எண்ணித் தையல்காரரும் சிரித்து வைத்தார்.

விசாரணை நாளில் அவர் முதல் ஆளாக வந்து கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். வழக்கு முடியும்வரை மாமன் வீட்டில் விடப்பட்டிருந்த மகளுக்குத் தைத்த கவுனில் ஓரம் அடிக்காமல் மிச்சமிருந்தது. தீர்ப்பானதும் அதை அவளுக்குப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று ஊசியும் நூலும் கொண்டுவந்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் வேண்டுமே என்று கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். வெண்கலம் வெளியே வந்து பெயரைக் கூப்பிட்டார். பெஞ்சில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டே அந்தக் கை தைத்ததுதான். அந்த ஆளுக்குக் காது கேட்காது என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் அவர் செய்ததெல்லாம், இரண்டாம் முறை இன்னும் உரக்கக் கூப்பிட்டதுதான். மூன்றாம் முறை ஜன்னல் கண்ணாடி அதிரக் கூப்பிட்டார். நாலெட்டு நடந்து தோளைத் தொடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கூப்பிடுவது அவர் வேலை, தொடுவது அவர் வேலையில்லை. உள்ளே போய், "ஆள் வரலீங்கய்யா" என்றார். குழந்தை மாமனுக்கு என்று ஒருதரப்பாகத் தீர்ப்பாயிற்று. தையல்காரர் கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தபோது கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் முறை கூப்பிட்ட பெயர் அடங்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் பெருக்க வந்த அம்மாள். மறுநாளும் அது முழங்கியது. நீதிமன்ற அவமதிப்பு என்று நீதிபதி நோட்டீஸ் அனுப்பினார். குரலுக்கு முகவரி இல்லாததால் அது திரும்பி வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கூரையைப் பிரித்து மாற்றினார்கள். வெண்கலத்தையே நிறுத்தி அதட்டச் சொன்னார்கள். தன் குரலோடு தானே மல்லுக்கட்டி அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்புறம் எல்லோருக்கும் பழகிவிட்டது. வக்கீல்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள், பஞ்சு விலை கொஞ்சம் ஏறிப் பிறகு இறங்கியது. அந்தப் பெயரை யாரும் தங்கள் பிள்ளைக்கு வைப்பதில்லை என்பது தவிர ஊருக்குப் பெரிய நஷ்டமில்லை. பெயருக்கு உரியவர் மட்டும், மறுபடி விசாரியுங்கள் என்று யாரையாவது பிடித்து எழுதி வாங்கிய மனுவோடு அடிக்கடி வருவார். தன் பெயர் தலைக்கு மேல் முழங்குவது தெரியாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவர் தலை தெரிந்தால் வெண்கலம் கழிப்பறைக்குள் போய் நின்றுகொள்வார்.

மாமன் வீட்டில் மகளுக்குக் கைகளை ஆட்டாமலிருக்கப் பழக்கினார்கள். பேச்சுப் பயிற்சிக்கு ஆள் வைத்தார்கள். ஆண்டுகள் போனதில் "அம்மா", "தண்ணி", "நன்றி" வாயில் வந்தன, கைமொழி போய்விட்டது. படிப்பில் அவள் கெட்டி. வளர்ந்து பெரியவளானதும் அப்பாவைத் தேடி வந்தாள். அவர் கைகள் கடகடவென்று பேசின. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மெஷினுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில், "சாப்பிட்டாயா", "சாப்பிட்டேன்" என்று எழுதிக்கொண்டார்கள். அவருக்கு எழுத்தும் அவ்வளவாக வராது. அவள் கைமொழியை முதலிலிருந்து கற்றுத் தேறுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இதற்கு மட்டும் அவளுக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

அவள் சட்டம் படித்து அதே நீதிமன்றத்துக்கு வக்கீலாக வந்தாள். காது கேட்காதவர் எப்படி வாதாடுவார் என்று மற்ற வக்கீல்கள் ஆட்சேபித்தார்கள். காதில் பஞ்சோடு அவர்கள் இதைக் கேட்டதுதான் வேடிக்கை. அவள் கைகளால் வாதாட, மொழிபெயர்ப்பாளர் குரலில் சொன்னார். வராந்தாவில் மற்றவர்கள் கட்சிக்காரர்களிடம் தொண்டை கிழியக் கத்தியபோது அவள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எங்கெங்கிருந்தோ காது கேளாதவர்கள் வந்து பெஞ்சை நிறைத்தார்கள். வாடகைத் தகராறு, விபத்து, விவாகரத்து என்று தங்கள் கதையைத் தங்கள் மொழியிலேயே தங்கள் வக்கீலிடம் சொல்ல அவர்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை. நீங்கள் பேசுவதைப் பார்க்கிறேன் என்பதற்காக அவர்கள் தலையாட்டினால், குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதிவிடும் வழக்கம் அங்கே இருந்தது. அவள் வந்துதான் அது நின்றது. அவளைப் போல ஒருத்தி முன்னமே இருந்திருந்தால் என்று பெஞ்சில் பலர் நினைத்தார்கள். வெண்கலமும் நினைத்தார்.

ஓய்வு பெறப்போகும் மாதத்தில் அவர் அவள் முன்னால் போய் நின்றார். "உங்கப்பாவ அன்னிக்குக் கூப்பிட்டது நான்தாம்மா. மூணு தடவை கூப்பிட்டேன்."

அவள் கைகள் அசைந்தன. "கூப்பிட்டீங்க, சரி. யாருக்குக் கேக்கணும்னு கூப்பிட்டீங்க?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

வெண்கலம், "அவர எப்படித்தாம்மா கூப்பிடணும்?" என்று கேட்டார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் கையாலேயே பெயர் வைத்துக்கொள்வதுண்டு. அவள் விரல்களை வாயோரம் கொண்டுபோய், இல்லாத நூலைப் பல்லால் கடித்து மணிக்கட்டை வெடுக்கென்று இழுத்துக் காட்டினாள். எல்லாக் கைச்சொல்லும் மறந்துபோன மாமன் வீட்டில், போர்வைக்குள் அவள் ஒளித்துக் காப்பாற்றிய ஒரே சொல் அதுதான்.

மறுநாள் காலையில் முதல் வழக்குக்கு முன் வெண்கலம் பெஞ்சைப் பார்த்து நின்றார். வயசான விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விதிப்படி மூன்று முறை நூலைக் கடித்துக் காட்டினார். மூன்றாம் முறை வராந்தாவின் குரல் நின்றது. எல்லோரும் பஞ்சை எடுத்தார்கள். பெஞ்சு கிறீச்சிட்டது, யாரும் தொடாமல் கதவு திறந்து சாத்திக்கொண்டது. உள்ளே புதிதாக வந்திருந்த நீதிபதி எதிரே பார்த்துவிட்டு, "ஆஜர்னு எழுதுங்க" என்றார். தையல்காரரின் மறுவிசாரணை மனுக்களோடு பழைய வழக்குக் கட்டு வந்தது. மனுதாரர் தரப்பில் என்ன கேட்கிறீர்கள் என்று நீதிபதி மகளைக் கேட்டார். அவள் கைகள் எழுந்து, பாதியில் நின்று, பிறகு மெல்ல அசைந்தன. "கேட்கிறதுக்கு ஒண்ணுமில்லைங்க. குழந்தை வளந்துருச்சு." தீர்ப்பை ரத்து செய்வதாகவும், போன வருஷங்களைத் திருப்பித்தர இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பதற்கு வருந்துவதாகவும் நீதிபதி எழுதினார். வாசலில் நின்ற வெண்கலம் வாய்விட்டு அழுதார். அந்தச் சத்தம் அழுகையோடு நின்றுவிட்டது, வராந்தாவில் தங்கவில்லை.

இப்போது அங்கே பெயரைக் கூப்பிட்டால் போதாது. ஆள் வராவிட்டால் போய்த் தோளைத் தொட வேண்டும். பெஞ்சின் ஜன்னலோர மூலையில் யாரும் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் அங்கிருப்பவருக்கு வெளிச்சம் மறைக்கும். சாயங்காலம் பெருக்குபவர் அந்த இடத்தில் கிடக்கும் நூல்துண்டுகளையும் மற்றக் குப்பையோடு அள்ளிக்கொண்டு போகிறார்.