மூன்றாவது இணைப்பு

நல்லகண்ணு கொடி வாங்காமலே எல்லைக் கம்பத்தில் மாட்டுவண்டியைத் திருப்பிவிட்டான் என்று பந்தயக் கமிட்டி முடிவு கட்டிவிட்டது. சாட்சி, சுஜிதாவின் வீடியோ. திருச்சுழி ரோட்டில் நாலு பேர் நாலு இடத்தில் நின்று செல்போனில் எடுத்த துண்டுகளை அவள்தான் கோடிங் எழுதி ஒன்றாகச் சேர்த்திருந்தாள்.

"வாங்குனேன்ணே. திரும்புறப்ப கைநழுவி விழுந்துருச்சு," என்றான் நல்லகண்ணு. எல்லைக் கம்பத்தில் நின்று கொடி கொடுத்தவருக்கோ அந்தப் புழுதியில் யார் யாருக்குக் கொடுத்தோம் என்பதே நினைவில்லை.

"வீடியோ பொய் சொல்லுமாப்பா? இனிமே நம்ம ஊருப் பந்தயத்துல நீ வண்டி பூட்டக் கூடாது," என்றார் தலைவர் இருளப்பசாமி. முதல் மாலை இரண்டாவதாக வந்த ஜெபக்குமாருக்கு என்றானது. ஜெபக்குமார் சுஜிதாவின் அண்ணன்.

சுஜிதாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. துண்டுகள் சேரும் இடங்களில் ஒன்று மறைய அடுத்தது தெரியும்படி ஒரு நொடி ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டிருந்தாள். பார்க்க அழகாக இருக்குமாம்! கொடி அந்த ஒரு நொடியில் மாட்டியிருந்தால்?

வேப்பமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்தாள். எல்லைக் கம்பம் வருவது மூன்றாவது துண்டின் கடைசியில். முதல் மூன்று துண்டுகளின் நீளத்தைக் கூட்டி அந்த இடத்துக்குப் போனால், வண்டிகள் ஏற்கெனவே திரும்பி ஓடிக்கொண்டிருந்தன; கம்பத்தையே காணோம். மைக்கில் ஜெபக்குமாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு இணைப்பும் ஒரு நொடியைத் தின்றிருக்கிறது. மூன்று இணைப்புக்கு மூன்று நொடி. கழித்துவிட்டுப் பின்னால் போனாள். எல்லைக் கம்பம் தெரிந்தது. அதன்மேல் அடுத்த துண்டின் வெளுத்த வானம் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கொடி அதில் கரைந்து போயிருந்தது.

"ஐயா, மாலையப் போடாதீக! தப்பு என் வீடியோவுல," என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

மூன்றாவது துண்டைத் தனியாக ஓடவிட்டாள். கடைசி நொடியில் நல்லகண்ணு வண்டியிலிருந்து சாய்ந்து கொடியைப் பிடுங்குவது பளிச்சென்று தெரிந்தது. கூட்டம் விசிலடித்தது. நல்லகண்ணு தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சுஜிதா மட்டும் படத்தை நிறுத்தி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடிக்கு இரண்டு முழம் பின்னால் அண்ணனின் வண்டி. அவன் மாட்டைப் பார்க்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. கொடி பிடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெபக்குமாரும் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"நீ பாத்திருக்கண்ணே," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "பாத்துட்டுத்தான் மாலைக்குக் கழுத்த நீட்டுன."

அவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் குரலை இறக்கினான்.

"அந்த ஒரு நொடிய அப்படியே விட்டுருக்கலாம்ல, பாப்பா?"